விரால் ஈரலில் ஒரு மஞ்சள் மணி: கண்மாய் மீன் புழுக்களின் குலமும் கோத்திரமும்

பங்குனி கடந்து கண்மாய்த் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால் சிவகங்கைச் சீமையில் மீன்பிடித் திருவிழாக்கள் தொடங்கிவிடும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்த ஒரு வீச்சுக்காகக் காத்திருந்த சனம் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் இருப்பதோடு மொத்தமாகச் சேற்றில் இறங்கும். விரால், குறவை, கெளுத்தி, கெண்டை, ஜிலேபி என்று அகப்பட்டதெல்லாம் வீட்டுக் குழம்புக்கு. அன்று மாலை எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வாசனைதான்.

அப்படி வந்த ஒரு விராலைச் சாம்பல் தொட்டு உரசி, அரிவாள்மனையில் வைத்து வயிற்றைக் கீறும் நேரத்தில் சில சமயம் கை நின்றுவிடும். கருஞ்சிவப்பு ஈரலில் துவரம்பருப்புப் போல மஞ்சளாக ஒரு மணி பதிந்திருக்கும். நகத்தால் அதன் தோலைக் கிள்ளினால் உள்ளே மடிந்து கிடந்த ஒன்று மெல்ல விரிந்து நெளியும்.

“முட்டையாத்தா இது?” என்று பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளை கேட்கும்.

“பூச்சிடி. குடலோட சேத்து அங்கிட்டுப் போடு.”

அங்கிட்டுப் போட்டதைக் காக்கையோ கொக்கோ கொத்திப் போகும். கொக்கு கொத்தினால் அந்தப் பூச்சிக்கு அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் வேறில்லை. அது விராலுக்குள் காத்துக் கிடந்ததே கொக்குக்குள் போய்ச் சேரத்தான்.

விராலிலும் குறவையிலும் இப்படிக் கூடுகட்டிக் கிடக்கும் மஞ்சள் புழுக்களில் பெயர்பெற்றது யூக்ளைனோஸ்டோமம் ஹெட்டிரோஸ்டோமம். தட்டைப்புழுக் கூட்டத்தைச் சேர்ந்த இலை வடிவப் புழு இது. 1809-ல் ஐரோப்பாவில் கார்ல் ரூடால்பி இதற்குப் பெயர் வைத்தார். மூன்று உயிர்களில் ஏறி இறங்கும் அதன் முழு வாழ்க்கையை இந்தியாவில் படிப்படியாக வளர்த்து எழுதிய ஆய்வு 1997-ல் வெளிவந்தது. செய்தவர்கள் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஜான்சிலட்சுமிபாயும் மாதவியும். பெயருக்கும் இந்த ஆய்வுக்கும் இடையே ஏறத்தாழ 190 ஆண்டு. நன்னீர் மீன் புழுக்களைப் பற்றிய அறிவு எப்படி வளர்ந்தது, எங்கே தடுக்கி நின்றது என்பதற்கு இந்த இடைவெளியே நல்ல அளவுகோல்.

காரைக்குடிப் பக்கம் நகரத்தார் இருவர் புதிதாகச் சந்தித்தால் சீக்கிரமே வரும் கேள்வி, “எந்தக் கோயில்?” இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது கோயில்கள், இளையாற்றங்குடிக்குள் மட்டும் ஏழு உட்பிரிவுகள். கோயில் தெரிந்தால் பங்காளி யார், பெண் கொடுத்து எடுக்கத் தக்கவர் யார் என்று சொல்லிவிடலாம். பெயர் கேட்டால் இது தெரியாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தில் ஒரே தெருவில் நாலு பேர் ஒரே பெயரோடு இருப்பார்கள். உயிரினங்களை வகைப்படுத்துவதும் பங்காளி பார்க்கிற வேலைதான். புழுக்களின் விஷயத்தில் சிக்கல் மட்டும் தலைகீழ்: ஒரே புழுவுக்கு இருபது பெயர்.

கார்ல் லின்னேயஸ் 1758-ல் உயிர்களைப் பட்டியலிட்டபோது புழு, நத்தை, சிப்பி, மற்ற மென்னுடலிகள் எல்லாவற்றையும் ‘வெர்மஸ்’ என்ற ஒரே மூட்டையில் கட்டினார். குடற்புழுக்களைத் தனியே எடுத்து, உருளைப்புழு, முள்தலைப்புழு, உறிஞ்சுபுழு, நாடாப்புழு, பைப்புழு என்று ஐந்து கூறாகப் பிரித்து 1808 முதல் 1810 வரை பெருநூலாக வெளியிட்டவர் ரூடால்பி. அந்த ஐந்தில் ஐந்தாவது பின்னால் கலைந்துபோனது. பைப்புழுக்கள் தனிக் குலமே இல்லை, நாடாப்புழுக்களின் இளம்பருவம்தான் என்று 1850-களில் குக்கன்மைஸ்டர் விலங்குகளுக்கு ஊட்டிப் பார்த்து நிறுவினார். அதற்குச் சற்று முன்பே, 1842-ல், டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் இலை வடிவப் புழுக்கள் தலைமுறைக்குத் தலைமுறை உருமாறுகின்றன என்று காட்டியிருந்தார். அப்பனும் மகனும் வேறு வேறு பிராணிகளாகப் பட்டியலில் இருந்திருக்கிறார்கள்! டெட்ராகொட்டைல், நியாஸ்கஸ் போன்ற பெயர்கள் இன்றும் ஆய்வேடுகளில் வருகின்றன. அவை மீனில் காணும் இளம்பருவத்துக்கு, பெற்றோர் யாரென்று தெரியும்வரை ஒட்டிவைத்த தற்காலிகச் சீட்டுகள்.

வழக்கமான கணக்கில் கண்மாய் மீனின் உடம்பில் இருக்கும் புழுக்கள் பெரும்பாலும் மூன்று பெருங்குலங்களைச் சேர்ந்தவை: தட்டைப்புழு, உருளைப்புழு, முள்தலைப்புழு. மீனில் ஒட்டும் அட்டை நான்காவது. அது மண்புழுவின் உறவு. மீன் பண்ணைக்காரர்கள் நங்கூரப் புழு என்று சொல்லும் லெர்னியா, பெயரில்தான் புழு. உண்மையில் இறால், நண்டுக்குப் பங்காளி. மீன் பேனும் அப்படியே.

தட்டைப்புழுக்களில் முதலில் செவுளைப் பார்க்க வேண்டும். மீனின் செவுள் மூடியைத் தூக்கி, ஒரு சிவப்பு இழையைக் கத்தரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து நுண்ணோக்கியில் நோக்கினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்தையே நடக்கும். மோனோஜீனியா என்னும் இந்தப் புழுக்களுக்கு நத்தை வேண்டாம், கொக்கு வேண்டாம். ஒரு மீனிலிருந்து நேராக இன்னொரு மீன். பின்புறத்தில் கொக்கிகள் பதித்த ஒரு வட்டு, அதைக் கொண்டு பிடித்துக்கொள்ளும். அந்தக் கொக்கிகளின் வடிவமும் அளவுமே வகைப்பாட்டின் அச்சாணி. கெண்டை வகைகளில் வாழும் டாக்டைலோகைரஸ் என்ற ஒரே பேரினத்தில் மட்டும் 900-க்கு மேல் சிற்றினங்கள்; தட்டைப்புழுக்களிலேயே பெரிய பேரினம் இதுதான். பெரும்பாலானவை ஒரே மீன் இனத்தையோ அதன் நெருங்கிய உறவுகளையோ தவிர வேறு வீட்டுப் படி ஏறுவதில்லை.

இந்திய நன்னீர் மீன்களின் செவுள்புழுக்களை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் ஒரு ரஷ்யர். சோவியத் ஆய்வாளர் குசெவ் எழுதிய 200 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆய்வு, இந்திய ஒட்டுண்ணிப்புழுவியல் இதழின் 1973-ஆம் ஆண்டுத் தொகுதியாக வந்தது. அதற்கு முன்பே இங்கே நல்ல அடித்தளம் இருந்தது. வாளை மீனின் செவுளில் ஜெயின் 1952-ல் கண்ட புழுவுக்குத் தாப்பரோகிளைடஸ் என்று பெயரிட்டார். லக்னோவில் இந்தத் துறைக்கு ஒரு பள்ளியையே உருவாக்கிய ஜி. எஸ். தாப்பருக்குச் செய்த மரியாதை அது. இரண்டு புழுக்கள் இளமையிலேயே குறுக்காகத் தழுவி, உடல் ஒட்டி, ஆயுள் முழுக்கப் பிரியாமல் வாழும் டிப்ளோசூன் வகையில் ஒன்றுக்குத் திரிபாதி 1959-ல் காவிரியின் பெயரையே வைத்தார்.

செவுள்புழு மீனோடு ஊர்விட்டு ஊர் போகும். ஆப்பிரிக்காவின் ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் காரைக்குடிக்கு அதிக தூரமில்லாத மண்டபம், ஆண்டு 1952, வந்தது பாங்காக்கிலிருந்து. இன்று அது இல்லாத கண்மாய் அரிது. அதன் செவுளில் வாழும் சிக்ளிடோகைரஸ் புழுவும் ஜிலேபி போன நாடுகளிலெல்லாம் பதிவாகியிருக்கிறது, இந்தியா உட்பட. தண்ணீரில் மீனை விடுகிறவர் மீனை மட்டும் விடுவதில்லை. நார்வே இதை மிகக் கசப்பாகக் கற்றது. 1970-களில் குஞ்சு மீன்களோடு வந்த கைரோடாக்டைலஸ் சலாரிஸ் பல ஆறுகளின் சால்மன் கூட்டத்தைத் துடைத்துப்போட்டது. இந்தப் புழு முட்டை இடுவதில்லை, குட்டி போடும். அந்தக் குட்டியின் வயிற்றில் ஏற்கெனவே இன்னொரு குட்டி வளர்ந்திருக்கும்.

இரண்டாவது கிளை டைஜீனியா. மஞ்சள் மணியின் குலம். இதன் வாழ்க்கையைச் சொல்லாமல் வகைப்பாட்டைச் சொல்ல முடியாது. கொக்கின் தொண்டைப் பகுதியில் வாழும் வளர்ந்த புழு முட்டையிடும். முட்டை தண்ணீரில் விழுந்து பொரிந்து, இண்டோபிளானார்பிஸ் என்ற தட்டைச் சுருள் நத்தைக்குள் புகும். அங்கே ஒன்று பலவாகப் பெருகி, வாலோடு நீந்தும் குஞ்சுகளாக வெளிவந்து, குறவையின் உடலைத் துளைத்து உள்ளே போய்க் கூடு கட்டும். கொக்கு குறவையை விழுங்கினால் வட்டம் முடியும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் புழு இல்லை.

சிவகங்கை மாவட்டத்தில் இந்த வட்டத்தைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் உண்டு. திருப்பத்தூர் வட்டத்தில் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்த பறவைச் சரணாலயம். 1977-ல் அறிவிக்கப்பட்டது, 38.4 ஹெக்டேர். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் அவை. நாரை, கொக்கு, நீர்க்காகம், இராக்கொக்கு, நத்தைகுத்தி நாரை எல்லாம் கூடும் அந்த மரங்களுக்குக் கீழே தண்ணீரில் நத்தையும் குறவையும் இருக்கின்றன. ஒரு நீர்நிலையில் மூன்று உயிர்களும் நிறைவாக இருந்தால்தான் மீனில் மஞ்சள் மணி இருக்கும். அந்த மணியைக் கண்டு முகம் சுளிப்பதைவிட, கண்மாய் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று படிப்பதுதான் பொருத்தம்.

எல்லா டைஜீனியாவும் இந்த ஒரே பாதையில் போவதில்லை. 1924-ல் சோபார்க்கர் பஞ்சாபின் பாட்டியாலாவில் கிடைத்த நத்தையிலிருந்து வெளிவந்த ஒரு புழுக்குஞ்சை மட்டும் விவரித்து, ஊர்ப்பெயரையே அதற்குச் சூட்டினார். அது வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு விடை இலங்கையில் கிடைத்தது. பேராதனையில் ஹிலரி குரூஸ் குழுவினர், மீனின் செதிலுக்கு அடியில் வாழும் டிரான்ஸ்வெர்சோட்ரீமா என்ற புழுவின் வாழ்க்கையை 1964-ல் விரிவாக எழுதினர். நம் கண்மாய்களிலும் சாதாரணமாகக் கிடக்கும் மெலனாய்டஸ் என்ற கூம்பு நத்தையிலிருந்து வெளியேறும் குஞ்சு நேரே மீனின் செதிலுக்கடியில் போய்த் தங்கி, அங்கேயே வளர்ந்து முட்டையிடுகிறது. உள்ளுறுப்பைத் தேடி வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது. மீனைக் கழுவிச் செதிலை வழித்து எறிந்த பிறகுதான் பலர் புழு தேடத் தொடங்குகிறார்கள்.

வாளையின் காற்றுப்பைக்குள் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாகக் கருத்துக் கிடக்கும் ஐசோபரார்க்கிஸ் இன்னொரு பாடம். இந்தியா முதல் ஜப்பான், ஆஸ்திரேலியா வரை கிடைப்பதெல்லாம் ஒரே சிற்றினம் என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2014-ல் ஷிமசுவும் கூட்டாளிகளும் உருவத்தையும் மரபணுவையும் சேர்த்து வைத்துப் பார்த்து, பல சிற்றினங்கள் ஒரே பெயருக்குள் ஒளிந்திருந்ததை வெளிக்கொண்டு வந்தார்கள்.

நாடாப்புழுவில் நடந்தது இதற்கு நேர் எதிர். தாமஸ் சவுத்வெல் 1930-ல் பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் நாடாப்புழுக்களுக்கு இரண்டு தொகுதிகள் எழுதினார். சிலோன் முத்துக்குளிப்புத் துறையில் தொடங்கி வங்காள மீன்துறையை நடத்திய மனிதர் அவர். சந்தேகம் வந்த பெயர்களைத் தயங்காமல் வெட்டுவார். அவருக்குப் பின் வந்த அரை நூற்றாண்டில் பெயர்கள் மழைக்குப் பின் வரும் ஈசலைப் போலப் பெருகின. தரையில் ஊர்ந்து போகும் கிளாரியஸ் கெளுத்தியின் துண்டில்லாத நாடாப்புழுக்களுக்கு இந்தோ-மலாய் வட்டாரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அஞ்சு ஆஷ், தாமஸ் ஷோல்ஸ் குழுவினர் 2011-ல் அருங்காட்சியக மாதிரிகளையும் புதிதாகச் சேர்த்தவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பிட்டார்கள். தேறியவை எட்டு. அடுத்த ஆண்டு வாளை போன்ற மீன்களின் கங்கீசியாவை எடுத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களில் நான்கு நின்றன.

ஏன் இப்படி? புழுவைக் கொதிநீரில் போடாமல் செத்துச் சுருங்கிய பிறகு பதப்படுத்தினால் நீளம், அகலம், முட்டைப்பையின் இடம் எல்லாம் மாறித் தெரியும். கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அழுத்தி நசுக்கினால் இன்னொரு வடிவம். மீன் மாறினால் புழுவும் மாறும் என்று முன்கூட்டியே நம்பிவிட்டால் ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு புதுப்பெயர். ஒரே ஒரு மீனில் கிடைத்த ஒன்றிரண்டு புழுக்களை வைத்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். கிராப்டன் 1971-ல் காட்டியதுபோல் புழுக்கள் மீன்களிடையே சமமாகப் பரவுவதில்லை. பெரும்பாலான மீன்களில் சொற்பம், சில மீன்களில் குவியல். பத்து மீனை அறுத்து ஒன்றும் கிடைக்காமல் பதினோராவதில் ஐம்பது கிடைக்கலாம். ஆகவே நிறைய மீனைப் பார்க்காமல் எழுதிய பெயர் காலில்லாத கட்டில். விராலிலும் ஆராலிலும் வாழும் செங்கா பேரினத்துக்கு மகாராஷ்டிரத்திலிருந்து மட்டும் குவிந்த சிற்றினப் பெயர்கள் இதே சல்லடைக்குக் காத்திருக்கின்றன. செங்காவை முதலில் 1934-ல் டோல்ஃபுஸ் விவரித்ததே பாரிஸ் பக்கம் வின்சென் மீன்காட்சித் தொட்டியில் இருந்த ஆசியச் சண்டை மீனிலிருந்துதான். பெயர் சூட்டுவதில் செலவான உழைப்பில் பாதி, புழுவின் வாழ்க்கையைக் கண்டறிவதில் போயிருந்தால் இந்தத் துறை இன்று வேறு உயரத்தில் இருந்திருக்கும்.

வரிசைகளின் மட்டத்திலும் வீடு இடித்துக் கட்டப்பட்டது. செங்காவும், கெண்டையின் வயிற்றை நிறைத்து அதை இனப்பெருக்கம் செய்யவிடாமல் ஆக்கும் லிகுலாவும் ஒரே வரிசையில் இருந்தவை. 2008-ல் அந்த வரிசையே இரண்டாக உடைந்தது. இப்போது அவை பங்காளிகள் இல்லை. செவுள்புழுக்கள் ஒரே குலம்தானா என்பதையும் 2023-ல் வந்த மரபணுத்தொகுதி ஆய்வு அசைத்திருக்கிறது. இரண்டு தனிக் குலங்களாக நிற்கின்றன என்பது அதன் முடிவு. கெண்டை வளர்ப்போடு உலகைச் சுற்றிய ஆசிய நாடாப்புழுவும் பெயர் மாறிவிட்டது. 1934-ல் ஜப்பானில் யமகுட்டி விவரித்த அந்தப் புழு புல்கெண்டையோடு கண்டம் கண்டமாகப் போனது. இன்று அதன் பேரினம் ஸ்கைசோகொட்டைல். அந்தப் பேரினத்தில் அதற்கு உடன்பிறப்பாக நிற்பது இமயமலை ஓடையில் கண்ட இந்தியப் புழு.

விராலின் குடலை விரித்தால் அநேகமாகக் கிடைப்பது முள்தலைப்புழு. பல்லிசென்டிஸ் வெண்ணிற நூல்போல இருக்கும். தலையை இழுத்தால் வராது. கொக்கி வரிசை குடல் சுவரில் நங்கூரம் பாய்ச்சியிருக்கும். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தோலாலேயே உணவை உறிஞ்சும். நாக்பூரின் பெயரைத் தாங்கிய பல்லிசென்டிஸ் நாக்பூரென்சிஸின் வாழ்க்கையை 1973-ல் கேரளத்தின் ஜார்ஜும் நடக்கலும் எழுதினார்கள். நீர்த்தெள்ளான சைக்ளாப்ஸ் முதல் வீடு, சின்ன மீன் இடைத்தங்கல், விரால் முடிவு. இவ்வளவு தனித்தன்மையோடு நிற்கும் முள்தலைப்புழுக்கள் தனிக் குலம் என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. மரபணுவோ அவற்றை ரோட்டிஃபர் என்னும் கண்ணுக்குத் தெரியாத நீர்ச்சக்கர உயிர்களின் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது.

உருளைப்புழுக்களில் கெளுத்தி, தேளி குடலில் செக்கச்செவேலென்று தொங்கும் புரோகமல்லானஸ் எளிதில் கண்ணில் படும். குடித்த இரத்தம்தான் அந்த நிறம். இதற்கும் சைக்ளாப்ஸ்தான் தாய்வீடு. சீமையின் பழைய பெரியவர்களுக்கு இந்தத் தெள்ளோடு வேறொரு கணக்கும் உண்டு. ஊருணித் தண்ணீர் குடித்தவர் காலில் கொப்புளம் கிளம்பி முழ நீளத்துக்கு வெளிவந்த நரம்புச் சிலந்தியைப் பரப்பியதும் இந்தச் சைக்ளாப்ஸே. துணியில் வடிகட்டிக் குடிக்கும் எளிய பழக்கம் அதை ஒழிக்க உதவியது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில், உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2000-ல். அது முடிந்த கதை என்று இருந்தபோது ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களிடம் தலைகாட்டியது. வேகாத மீன்குடலும் அதற்கு வழியாகலாம் என்பதால் அங்கே மீன்குடலைப் புதைக்கச் சொல்கிறார்கள்.

மனிதருக்கு மீன்புழு ஆபத்தா என்ற கேள்வி அடுப்படியில் எப்போதும் எழும். சீன ஈரல் புழுவை முதன்முதலில் கண்டெடுத்ததே 1874-ல் கல்கத்தாவில்தான்; இறந்துபோன ஒரு சீனத் தச்சரின் ஈரலில் மெக்கானல் பார்த்தார். அதுவும் தாய்லாந்து, லாவோஸ் பக்கத்து ஈரல் புழுவும் பித்தநாளப் புற்றை உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி. வேகாத மீனைத் தின்னும் பழக்கம்தான் வழி. 1836-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் செத்த புலியின் வயிற்றில் ஓவன் கண்ட நாதோஸ்டோமாவும் அரைவேக்காட்டு விராலில் ஏறி வரும். இந்தியாவில் அரிதாகக் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. புளி கரைத்து, சின்ன வெங்காயம் வதக்கி, கொதிக்கக் கொதிக்கக் கூட்டி இறக்கும் செட்டிநாட்டுக் குழம்பில் எந்தப் புழுவும் பிழைக்காது. மீனின் நடுப்பகுதி 63 டிகிரி சூட்டை எட்டினாலே போதும். பயப்பட வேண்டியது குழம்பைக் கண்டு அன்று. அறுத்த கையோடு, அதே மனையில், அதே கத்தியில் பச்சைக் காய்கறி நறுக்குவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஆற்றைப் பார்த்து எழுதிய புழுக்கணக்கு கண்மாய்க்கு அப்படியே பொருந்தாது. சித்திரை, வைகாசியில் தரை வெடித்துக் கிடக்கும் கண்மாயில் விரால் ஈரச்சேற்றைத் தேடிப் புதையும். நத்தை வாயை மூடி மண்ணுக்குள் உறங்கும். சைக்ளாப்ஸ் இளம்பருவத்திலேயே சேற்றில் சுருண்டு கிடக்கும். ஆப்பிரிக்காவில் உறங்கும் நத்தையோடு அதனுள் இருக்கும் சிஸ்டோசோமா புழுவும் உறங்கி, மழைக்கு விழிப்பதைக் கண்டிருக்கிறார்கள். இந்தச் சீமையின் ஒரு கண்மாயை எடுத்து, ஐப்பசி முதல் வைகாசி வரை மாதந்தோறும் அதே மீன் வகைகளை, அதே நத்தை வகைகளை அறுத்துப் பார்த்துக் கணக்கு வைப்பது காரைக்குடியில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளால் ஆகாத காரியம் இல்லை. திருக்கோட்டியூர் போகும் பேருந்தில் ஒரு வாளியும், வீட்டில் ஒரு நுண்ணோக்கியும் போதும். புதுப்பெயர் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கிடைக்கப்போவது அதைவிடப் பெரியது.

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டிக் கண்மாய் நிறைந்ததும் மண்ணுக்குள் கிடந்த நத்தைகள் மேலே வந்து தாமரைத் தண்டுகளில் ஏறும். வேட்டங்குடி மரங்களில் நாரைகள் வந்து இறங்கும். ஒரு கொக்கு தண்ணீரோரம் நின்று குனிந்து குறவை ஒன்றைக் கவ்வும்போது அதன் வாயிலிருந்து முட்டைகள் நீரில் உதிரும். சில நாளில் ஒன்று பொரியும். மயிரிழைகளை அடித்து நீந்திக்கொண்டு வெளியே வரும் அந்தக் குஞ்சுக்கு உண்ண வாயில்லை. சில மணி நேரத்துக்குள் அது ஒரு நத்தையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.